மனக்கணக்கு தப்பியபோது: ஓர் ஈய நஞ்சேற்றத்தின் நிகழ்வு ஆய்வு

கிலோ 3 வெள்ளி 20 காசு விற்கும் வெண்டைக்காயில் 350 கிராம், கத்தரிக்காய் அரைக் கிலோ, முருங்கைக்காய் நான்கு, ஒரு கட்டு முளைக்கீரை. பையின் வாயை முடிச்சுப் போடுவதற்குள் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுவார் அவர். தேக்கா ஈரச்சந்தையில் 26 ஆண்டுகளாகக் கடை. கால்குலேட்டர் ஒன்று உண்டு. அது உதவிக்கு நிற்கும் பையனுக்கு. வாடிக்கையாளர்களில் சிலர் வேண்டுமென்றே ஏழெட்டுக் காய்களைச் சேர்த்து வாங்கி, அவர் கணக்குச் சொல்லும் வேகத்தைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவார்களாம். அவருடைய மனைவி இதைச் சொன்னபோது முகத்தில் பெருமை இருந்தது. உடனே அழுதும்விட்டார்.

2023 மார்ச் வாக்கில் அந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்தது. அவருக்கு அப்போது வயது 58.

நான் தாதி. இந்தப் பணியில் 19 ஆண்டுகள் ஆகின்றன. தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி வந்தால் மருத்துவர் என்னைக் கூப்பிடுவார். அந்தக் கடைக்காரருடைய, அவர் குடும்பத்தாருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எண்களையும் நடந்த வரிசையையும் மாற்றவில்லை.

முதல் ஆறு மாதம்

கணக்குக்கு முன்பே மாறியது குணம். காயை அழுத்திப் பார்த்த ஒரு வயதான அம்மாவிடம் கத்தினார். பத்து வருடமாகக் கீரை கொண்டுவந்து போடும் மலாய்க்காரரோடு அற்பக் காரணத்துக்குச் சண்டை. ஒருநாள் உதவிக்கு இருந்த பையன் மீது முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கி எறிந்தார். அவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வீட்டில் இரவு மூன்று மணிக்கு எழுந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். "என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்று எரிந்து விழுவார். நாலரை மணிக்கே சரக்கெடுக்கப் போக வேண்டியவர் ஆறு மணிக்கும் அசையாமல் இருப்பார்.

அடுத்து வயிறு. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி, நாள் கணக்கில் மலச்சிக்கல், வாயில் ஒருவித இரும்புச் சுவை. நான்கு மாதத்தில் ஏழு கிலோ இளைத்தார். பலதுறை மருந்தகத்தில் மலமிளக்கி கொடுத்தார்கள். வலி குறையாததால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குடலுக்குள் கருவி விட்டுப் பார்த்ததில் எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, அதாவது இரத்தச்சோகை; ஆனால் இரும்புச்சத்து அளவுகள் சரியாக இருந்தன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். தூக்கமின்மையையும் கோபத்தையும் கேட்ட ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்று முடிவு செய்து மாத்திரை எழுதினார். மகள் மட்டும் வேறு பயத்தில் இருந்தாள். தாத்தாவுக்கு மறதி நோய் வந்து பார்த்தவள் அவள். அப்பாவுக்கும் அதுதானோ என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்திருக்கிறாள்.

வயிற்றை ஒருவர் பார்த்தார், இரத்தத்தை ஒருவர், மனத்தை ஒருவர். அவரவர் பார்த்தது அவரவர் அளவில் தவறில்லை. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் மே மாதத்திலேயே தெரிந்திருக்கும். எனக்கு இன்றும் இது உறுத்துகிறது. காரணம், அந்த நான்கைந்து மாதமும் அவர் நஞ்சைத் தின்றுகொண்டேதான் இருந்தார்.

திருப்பம் வந்தது ஆய்வுக்கூடத்திலிருந்து. இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த ஊழியர், சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாய் நீலப் பொட்டுகள் இருப்பதாகக் குறித்திருந்தார். இந்தப் பொட்டுகள் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயிலும் வரும், வேறு சில நிலைகளிலும் வரும். ஆனால் வயிற்றுவலி, இரத்தச்சோகை, குணமாற்றம் மூன்றோடும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது காரீயத்தை. அன்றைக்குப் பணியிலிருந்த மருத்துவர் அதை நினைத்தார்.

மருந்து என்ற சொல்

ஈயம் எங்கிருந்து வந்திருக்கும்? மருத்துவர் என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்து, தமிழில் பொறுமையாகக் கேட்கச் சொன்னார். பழைய பெயின்ட் சுரண்டினாரா? பேட்டரி வேலை? இல்லை. மீன்பிடிக்கப் போவாரா, தூண்டிலில் ஈயக் குண்டு கட்டுவாரா? பிடோக் படகுத்துறைக்கு எப்போதோ நண்பர்களோடு போனதுண்டு, அவ்வளவுதான். மகள் குறுக்கிட்டு, "அக்கா, வீட்டுல ஈயச் சொம்பு இருக்கு. அம்மா அதுலதான் ரசம் வைப்பாங்க" என்றாள். நியாயமான சந்தேகம் அது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்தைக் குறிக்கும். ரசச் சொம்பு வெள்ளீயம், நஞ்சு காரீயம். ஆனால் கலப்படச் சொம்புகளில் காரீயம் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதையும் சோதனைக்கு வாங்கி வைத்தோம். பிறகு தெரிந்தது, அது சுத்தமான வெள்ளீயம்.

"அண்ணே, என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை. இப்ப புதுசா தூக்கத்துக்கு ஒண்ணு."

"வேற மருந்து?"

"வேற இல்லம்மா."

இந்த இடத்தில்தான் ஆறு மாதமாக எல்லோரும் நின்றிருக்கிறார்கள். கோப்பில் நான்கு இடங்களில் "வேறு மருந்துகள் இல்லை" என்று எழுதியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மருந்து என்று கேட்டால், நம் ஆட்களுக்கு அது ஆங்கில மருந்து. எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நான் சொல்லை மாற்றினேன்.

"சூரணம், லேகியம், பற்பம், செந்தூரம், இந்த மாதிரி ஏதாச்சும் எடுத்துக்கிறீங்களா?"

"ஓ, அதுவா? அது இருக்கு. அது மருந்து இல்லையே தங்கச்சி, உடம்புக்குத் தெம்புக்கு."

2022 ஜூனில், கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறார். சர்க்கரையும் குறையும், மூட்டுவலியும் போகும் என்று சொந்தக்காரர் ஒருவர் அழைத்துப்போன இடத்தில் ஒரு செந்தூரம், அதாவது உலோகத்தைப் புடமிட்டுச் செய்யும் சித்த மருந்துத் தூள், கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரு குன்றிமணி எடை, இரவில் ஒரு குன்றிமணி எடை, தேனில் குழைத்து. தீரத்தீர யாராவது ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். 15 மாதம் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. வயிறு வலிக்க ஆரம்பித்த பிறகு, தெம்பு வேண்டும் என்று இரவு அளவைக் கொஞ்சம் கூட்டியும் இருக்கிறார்.

மறுநாள் மனைவி அதைக் கொண்டுவந்தார். பழைய பிளாஸ்டிக் மாத்திரைப் புட்டி, லேபிள் இல்லை, உள்ளே செங்கல் நிறத்தில் மாவு போன்ற நைசான தூள். விரலில் ஒட்டினால் ரேகைக்குள் இறங்கி நிற்கிறது, கழுவினாலும் சட்டென்று போவதில்லை. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அயச்செந்தூரம் இரும்பு, அதுவும் சிவப்பு. காரீயத்தைச் சுட்டு வரும் சிவப்பு ஈயமும் சிவப்பு.

இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 78 மைக்ரோகிராம். தூளில் எடைக்கு நூற்றில் மூன்று பங்கு ஈயம்.

அந்த மூன்று பங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குன்றி சுமார் 130 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு 260. அதில் நூற்றுக்கு மூன்று என்றால் ஒரு நாளுக்கு 7.8 மில்லிகிராம், அதாவது 7,800 மைக்ரோகிராம் காரீயம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பிள்ளைப்பேறு வயதுப் பெண்ணுக்கு உணவு வழியாக ஒரு நாளுக்கு 8.8 மைக்ரோகிராமைத்தான் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. அவர் உள்ளே தள்ளியது ஏறக்குறைய அதைப்போல் 900 மடங்கு. மூலிகைப் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. இந்தத் தூளில் 30,000 பங்கு.

மூளைக்குள் என்ன நடந்தது

காரீய அயனியும் கால்சிய அயனியும் மின்னேற்றத்தில் ஒன்று, உருவத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. கால்சியத்துக்குத் திறக்கிற கதவுகள் ஈயத்துக்கும் திறக்கின்றன. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்துவதை நடத்துவது கால்சியம்தான். அந்த இடத்தில் ஈயம் உட்கார்ந்தால், தேவையில்லாதபோது செய்தி கசியும், தேவைப்படும்போது போகாது. நினைவு பதிய உதவும் ஏற்பிகளில் முக்கியமான ஒன்றையும் அது அடைக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீம் உருவாகும் தொடரில் ஒரு நொதியை ஈயம் முடக்குவதால், பாதியில் நின்றுபோன ஒரு மூலப்பொருள் உடம்பில் தேங்குகிறது. மூளையை அமைதிப்படுத்தும் ஒரு வேதிப்பொருளைப் போன்ற உருவம் அதற்கு. போலி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் அசல் வேலை செய்ய முடியாது. இரத்தச்சோகையும் எரிச்சலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது எனக்கு இந்த நோயாளியைப் பார்த்த பிறகுதான் முழுதாக உறைத்தது.

இவரைப் பற்றி மருத்துவர்களுடன் பேசும்போது ஜெ. ஜெயரத்னம் என்ற பெயர் அடிக்கடி வந்தது. இலங்கையில் பூச்சிக்கொல்லி நஞ்சேற்றத்தை ஆராய்ந்தவர். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிக்கொல்லியால் மருத்துவமனைக்கு வருகிறார்கள், சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள் என்று 1982-இல் எழுதினார். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழில்சார் மருத்துவத்தில் பணியாற்றினார். அவரும் அவருடன் இருந்தவர்களும் இந்தத் தீவின் தொழிற்சாலைகளுக்குள் போய்க் கேட்ட கேள்வி எளிமையானது: ஒருவர் நோயாளி ஆவதற்கு முன்பே, அவர் கையும் நினைவும் கவனமும் மந்தமாகின்றனவா? 1986-இல் ஈயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 1990-இல், மின்னணுப் பாகங்கள் பொருத்தும் ஆலையில் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவியைச் சுவாசித்த 30 பெண்களைச் சோதித்தார்கள். சராசரி ஆவி அளவு பத்து லட்சத்தில் 88 பங்கு, அன்றைக்குப் பாதுகாப்பானது என்று கொண்ட 100-க்கும் கீழே. இருந்தும் கைவேகமும் நினைவும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. 1993-இல் மாங்கனீசுத் தாது அரைக்கும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வந்தது.

எனக்கு இவற்றில் மனத்தில் நிற்பது 1992-இல் வந்த பல்மருத்துவர் ஆய்வு. பல்லடைப்புக்குப் பாதரசக் கலவை குழைப்பார்கள். அறையில் பாதரச ஆவி இருக்கும். 98 பல்மருத்துவர்களையும், ஒப்பிட 54 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த 98 பேரும் தினமும் வேலைக்குப் போய், நோயாளி பார்த்து, வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். யாரும் தங்களை நோயாளி என்று நினைக்கவில்லை. ஆனால் விரல் தட்டும் வேகத்திலும், பார்த்ததை நினைவில் வைப்பதிலும், எண்ணைக் குறியோடு பொருத்துவதிலும் பின்தங்கினார்கள். படித்தவர்கள், சிங்கப்பூரின் நல்ல வேலையில் இருப்பவர்கள். நஞ்சு அதைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் இதே கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்டார். பாஸ்டனை அடுத்த செல்சி, சாமர்வில் ஊர்களின் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஈயத்தை அளந்தார். 1979-இல் வந்த அந்த ஆய்வில், பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் ஆசிரியர்களிடம் கேட்டது. 2,146 பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியர்கள் ஒரு தாளில் குறித்தார்கள்: கவனம் சிதறுகிறதா, எளிதில் பொறுமை இழக்கிறதா, சொன்னதைச் செய்ய முடிகிறதா? பல்லில் ஈயம் ஏற ஏற, ஆசிரியர்கள் குறித்த குறைகளும் படிப்படியாக ஏறின. பல்லில் என்ன இருக்கிறது என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது. பிறகு அவர்மீது ஆய்வு முறைகேடு என்று குற்றம் சாட்டினார்கள். விசாரணைகளில் முறைகேடு எதுவும் நிறுவப்படவில்லை. 2017-இல் மறைந்தார்.

தினமும் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படுகிறது. அங்கே ஆசிரியர்; இங்கே கீரைக்காரரும் கடைப்பையனும் கட்டிலின் மறுபக்கம் படுத்திருந்தவரும்.

சோதனை மேசை

சிகிச்சை தொடங்குமுன் அவருடைய நினைவையும் கவனத்தையும் அளந்து வைத்துக்கொள்ள முடிவானது. உளவியலாளர் சீனர், நல்ல பெண். கேள்விகளைத் தமிழில் வாசிக்க என்னை உட்கார வைத்தார். அன்றைக்கு இரண்டு விஷயம் புரிந்தது.

ஒன்று, எண் வீச்சுச் சோதனை. நொடிக்கு ஒன்றாக எண்களை வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் அதே வரிசையில், பிறகு தலைகீழாக. அச்சிட்ட தாளில் "ஒன்பது, நான்கு, இரண்டு" என்று எழுத்துத் தமிழில் இருந்தது. அப்படி யார் எண்ணுகிறார்கள்? "ஒம்போது, நாலு, ரெண்டு" என்று மாற்றி வாசிக்க அனுமதி கேட்டேன். உளவியலாளர் ஒப்புக்கொண்டு, தன் குறிப்பில் எழுதியும் கொண்டார். சீன மொழியில் எண்கள் ஒவ்வொன்றும் ஓரசை. நம்முடையவை பெரும்பாலும் இரண்டு மூன்று அசை. வாய்க்குள் உருட்டி வைத்துக்கொள்ள நேரம் அதிகம் பிடிக்கும் மொழியில், நினைவில் நிற்கும் எண்களின் எண்ணிக்கை குறையும் என்பது மொழிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஆகவே சீன மொழி பேசுவோரை வைத்துப் போட்ட அளவுகோலைத் தமிழ் நோயாளி மீது அப்படியே வைத்தால், நல்ல மூளையும் பழுதானதாகத் தெரியும்.

இரண்டு, வட்டங்களைக் கோடிட்டு இணைக்கும் சோதனை. எண்ணையும் ஆங்கில எழுத்தையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். ஊரில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், 'ஜி'-க்குப் பிறகு என்ன என்று யோசிக்கும் நொடி ஈயத்தின் கணக்கில் விழக்கூடாது. எழுத்துக்குப் பதில் நிறத்தைப் பயன்படுத்தும் வகை ஒன்று இருக்கிறது, அதை எடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1983-இல் ஏழு சோதனைகள் கொண்ட ஒரு தொகுப்பைப் பரிந்துரைத்ததும் பல நாட்டுத் தொழிலாளர்களிடம் ஒரேபோல் பயன்படுத்தத்தான். ஆனால் எந்தத் தொகுப்பானாலும், பேப்பரும் பென்சிலும் பழக்கமில்லாத கைக்கு அது கடினம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நேர்வரிசையில் ஐந்து எண் சொன்னார். தலைகீழாக மூன்றோடு நின்றார். நான்கு எண் கொடுத்தபோது கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வலதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது, சந்தையில் தொகை கூட்டும்போது செய்வதுபோல. மூன்றாவது ரேகையில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொட்டார். பிறகு கையைத் தொடையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏழு, ரெண்டு... அதுக்கு மேல புகையாட்டம் இருக்கு தங்கச்சி."

ஒன்பது குறிகளை எண்களோடு பொருத்தி 90 நொடியில் கட்டங்களை நிரப்பும் சோதனையில் 21 கட்டம் நிரப்பினார். ஆறாவது கட்டத்தில் பென்சிலை அழுத்தி முனையை உடைத்துவிட்டுக் கோபமாக எழுந்து, உடனே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். உளவியலாளர் வேறு பென்சில் கொடுத்தார்.

சிகிச்சையும் எலும்பும்

ஈயத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை 19 நாள் கொடுத்தார்கள். அழுகிய முட்டை வாடை, அதையும் சகித்துக்கொண்டார். முடிவில் இரத்தத்தில் ஈய அளவு 31. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 46.

மனைவி என்னைத் தனியாக அழைத்து, "திரும்பவும் சாப்பிடுறாரோன்னு பயமா இருக்கு" என்றார். இல்லை. உடம்பில் சேர்ந்த ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் போய் ஒளிந்துகொள்கிறது, கால்சியம் போலவே. இரத்தத்திலிருந்து ஒரு மாதக் கணக்கில் பாதியாகும். எலும்பிலோ பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். இரத்தத்தைத் துடைத்தால் எலும்பிலிருந்து கசிந்து மறுபடி நிரம்பும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. அந்த இரண்டு வாரம் வீட்டில் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்.

இரண்டாவது சுற்று மாத்திரைக்குப் பிறகு 27. வயிற்றுவலி முதல் பத்து நாளிலேயே போய்விட்டது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. தூக்கம் திரும்பியது. ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில் இரத்த ஈயம் 17. குறி பொருத்தும் சோதனையில் 34 கட்டம். தலைகீழ் எண் வீச்சு நான்கு.

நான்குதான். ஐந்தைத் தொடவில்லை. கடையில் மூன்று காய்வரை மனக்கணக்குச் சொல்கிறார், அதற்குமேல் கால்குலேட்டர். கடைப்பையனைத் தேடிப்போய்க் கூட்டிவந்துவிட்டார். கீரைக்காரரிடம் என்ன சொன்னாரோ, அவரும் வந்து போடுகிறார். மனச்சோர்வு மாத்திரையை மருத்துவர் படிப்படியாக நிறுத்தினார். முழுதாகத் திரும்புமா என்று மகள் கேட்டபோது, வயதுவந்தவர்களிடம் ஈயம் குறையக் குறைய ஓரளவு மீளும், எல்லாம் மீளாது என்று உண்மையைத்தான் சொன்னோம்.

செந்தூரத்தைப் பற்றி

இதைப் படித்துவிட்டுச் சித்த மருத்துவத்தைத் திட்டுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டில் சளிக்கு ஆடாதோடையும் தூதுவளையும்தான். உலோகங்களைப் பல கட்டமாகச் சுத்திகரித்துப் புடமிட்டால் நஞ்சு முறியும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. ஆனால் சுட்டாலும் பொடித்தாலும் காரீயம் காரீயம்தான்; தனிமம் வேறொன்றாக மாறாது. இரத்தத்தில் ஏறிய 78 என்பது அதைக் காட்டிவிட்டது. இது ஒரு கிராமத்து வைத்தியரின் கைத்தவறு என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் ராபர்ட் சேப்பர் குழு இணையம் வழியே விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், 20.7 விழுக்காட்டில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. உலோகம் சேர்க்கும் முறையில் செய்தவற்றில் அது 40.6 விழுக்காடு.

சிங்கப்பூர்க் கடைகளில் விற்பதைக் கண்காணிக்கச் சுகாதார அறிவியல் ஆணையம் இருக்கிறது. கனஉலோகம் கலந்த மருந்துகள் பற்றி எச்சரிக்கையும் விடுகிறது. ஊரிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில், முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் வரும் லேபிள் இல்லாத புட்டியை யார் கண்காணிப்பது? அதைக் கொடுப்பவர் அன்பால் கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்கும் தெரியும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாயில் போடுவதற்கு முன் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது புட்டியையே எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். எங்கள் பிரிவில் கேள்வித்தாளை மாற்றியிருக்கிறோம். தமிழ் நோயாளிகளிடம் இப்போது சூரணம், பற்பம், செந்தூரம், லேகியம் என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறோம்.

மற்ற புட்டிகள்

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன்: "அண்ணே, இதை வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

மூன்று பேருக்கு. தெம்பாக இருக்கிறது என்று நம்பிய காலத்தில் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவரே அவர்களைத் தேடிப் போனார். பூக்கடைக்காரர் ஒருவர் இரண்டு மாதம் சாப்பிட்டு விட்டிருந்தார், அளவு 14. துணி தைப்பவர் விட்டுவிட்டுச் சாப்பிட்டவர், 33. இருவரும் கண்காணிப்பில் இருக்கிறார்கள்.

மூன்றாமவர் வர மறுத்துவிட்டார். நன்றாக இருக்கிறேன், எனக்கு எந்த வலியும் இல்லை என்று போனில் நம்மவரிடம் சத்தம் போட்டு வைத்துவிட்டார். அன்று மாலை அவருடைய மனைவி என் பிரிவுக்கு அழைத்தார். வலி இருப்பதாக அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், இவரு நாலு மாசமா பேரப்பிள்ளைங்களைக்கூடப் பக்கத்துல விடமாட்டேங்கிறாரு, எதுக்கெடுத்தாலும் கத்துறாரு. அதுக்கும் அந்தத் தூளுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். காய்கறிக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, தானே போய் அவரைக் கூட்டிவருவதாக நம்மவர் சொல்லியிருக்கிறார்.